யார் தலையிலிருந்து வந்தது?

பேனாவைப் பற்றிப் பெருமையாக எழுதாத எழுத்தாளர் இல்லை. நான் இன்று பேனைப் பற்றி எழுதப் போகிறேன். முகத்தைச் சுளிக்கும் வாசகர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். போவதற்கு முன் ஒரு தரம், தம் வீட்டுக் குழந்தையின் தலையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுப் போகும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

என் பேத்திக்கு எட்டு வயது. முகத்தில் அவள் அப்பத்தாவின் சாயல்; பிடிவாதத்தில் என் சாயல்; தலைமுடியில் மட்டும் யார் சாயலும் இல்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கூந்தல் எந்தத் தலைமுறையிலும் இருந்ததாகத் தெரியவில்லை. அவிழ்த்து விட்டால் இடுப்புக்குக் கீழே இறங்கும். கையை வைத்தால் விரல் தோலைத் தொடாது, அத்தனை அடர்த்தி. காலையில் அதைச் சிக்கெடுத்துப் பின்னி ரிப்பன் கட்டுவதற்குள் மருமகள் வங்கிக்குப் போகிற பஸ் போய்விடும். ஆகவே மேலாக வாரி, இறுக்கிக் கட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது சில மாதங்களாக வழக்கமாகியிருந்தது. பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். அழகாக இருக்கிற இடத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஜூலை மாதம் முதல் வாரம். இரவுச் சாப்பாட்டின்போது குழந்தை வலக்கையால் சாப்பிட்டுக்கொண்டே இடக்கையால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். என் மனைவி இரண்டு தரம் அதட்டினாள். மூன்றாவது தரம் சந்தேகம் வந்து, கை கழுவியதும் விளக்கடியில் உட்கார வைத்துப் பின்னலை அவிழ்த்தாள். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு இரண்டு கட்டை விரல் நகங்கள் ஒன்றோடொன்று அழுந்தும் அந்தச் சப்தம் கேட்டது. என் பிள்ளைப் பிராயத்துக்குப் பிறகு நான் அதைக் கேட்டதில்லை.

"இது எங்கேயிருந்துடீ வந்துச்சு?" என்றாள் மனைவி.

அந்தக் கேள்வியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இராத்திரியெல்லாம் அரித்ததா, தூங்கினாயா என்று குழந்தையைக் கேட்கவில்லை. பெரியவர்கள் நாலு பேர் கூடி நின்று, யார் தலையிலிருந்து வந்தது என்று விசாரணை நடத்தினோம்.

பள்ளிக்கூடத்திலிருந்துதான் என்றான் மகன். "அவ்வளவு பணம் கட்டுகிற பள்ளிக்கூடத்திலா?" என்று மருமகள் மறுத்தாள். மே மாதம் நடுவில் கோயம்புத்தூரில் மருமகளின் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. ஏழெட்டுக் குழந்தைகள் ஒரே ஜமக்காளத்தில் தலையோடு தலை வைத்து மூன்று இரவு தூங்கினார்கள். நான் அதை ஞாபகப்படுத்தினேன். "சம்பந்தி வீட்டைச் சொல்றீங்களா? ரொம்ப நல்லாயிருக்கு!" என்று மனைவி என் வாயை அடைத்தாள். மருமகள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் விசாரணை அந்தப் பக்கம் நகர முடியவில்லை. எங்கேயாவது நகர்ந்துதானே ஆகவேண்டும்? அது கொல்லைப்புறம் நகர்ந்தது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிப் போக ஓர் அம்மாள் வருகிறாள். அவளுக்கு ஒரு பெண். என் பேத்தியைவிட ஒரு வயது மூத்தவள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து சாயங்காலம் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தாயார் வேலையை முடிக்கும் வரை என் பேத்தியோடு உட்கார்ந்து பாடம் படிப்பாள். ஒரே புஸ்தகத்தின் மேல் இரண்டு தலைகளும் குனிந்திருப்பதைப் பார்த்து, இதை ஒரு கதையில் உபயோகித்துக்கொள்ளலாம் என்றுகூட நான் நினைத்ததுண்டு.

"அதுதான்!" என்றாள் மனைவி. "அதுவாகத்தான் இருக்கும்" என்றான் மகன். நான் ஒன்றும் சொல்லவில்லை. தீர்ப்பு ஆகிவிட்டது. சாட்சி இல்லை; எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை; குற்றவாளி கோர்ட்டிலேயே இல்லை.

தீர்ப்பைப் படித்துக் காட்டும் வேலை என்னிடம் வந்தது. சமத்துவத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவன்; மனம் நோகாமல் சொல்லத் தெரிந்தவன் என்று வீட்டில் என்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம். மறுநாள் கொல்லைக் குழாயடியில் போய் நின்றுகொண்டு, "ஏம்மா, பாப்பாவைக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டு வரவேண்டாமே. குழந்தைங்க தலை, ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்குது பாரு" என்றேன். அவள் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சரிங்கய்யா."

அவ்வளவுதான். பக்குவமாகச் சொன்னோம் என்று எனக்கு ஒரு திருப்தி.

பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. மருமகள் மருந்துக் கடையிலிருந்து ஒரு தைலம் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தடவி அலசிவிட்டாள். சில நாள் குழந்தை சொறியவில்லை. பத்தாம் நாள் மறுபடி இடக்கை தலைக்குப் போயிற்று. அந்தப் பெண் எங்கள் வாசற்படியை மிதித்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. அப்படியானால் இந்தப் பேன் எங்கிருந்து வந்தது என்று, அத்தனை ஆர்வமாக விசாரித்த எங்களில் ஒருவரும் இப்போது கேட்கவில்லை.

எதிர்வீட்டு அம்மாள் மண்ணெண்ணெய் தடவச் சொன்னாள். என் மனைவி சீத்தாப்பழக் கொட்டையைக் காயவைத்து இடிக்க எடுத்து வைத்தாள். ஒன்றும் சரிப்படாது என்று தோன்றியதும் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"ஒரேயடியா மொட்டை அடிச்சிருவோம். பழனிக்கு வேண்டுதல்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த குழந்தை வெளியே வந்தாள். அழவில்லை. யோசித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அப்பத்தா, முருகனுக்குப் பேனோடவா குடுக்கறது?"

நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. முடியிறக்குவதாக வேண்டிக்கொண்டு, நடந்தே மலையேறுகிற எத்தனையோ குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுக்கிறார்கள். நாங்கள் ஒளிந்துகொள்ள இடம் தேடினோம். குழந்தையைக் கேட்காமல் ஊசி போடுகிறோம், அதில் தவறில்லை. அந்த வலி அவளுடைய நன்மைக்கு. இந்தக் கத்தி யாருடைய நன்மைக்கு? பேனை வேறு விதமாகவும் போக்கலாம். அதற்கு நேரமாகும், நாலு பேருக்குத் தெரிந்துபோகும். அந்த நேரத்தையும் வெட்கத்தையும் மிச்சப்படுத்திக்கொள்ளத்தான் அவள் தலையைக் கேட்டோம். ஒரு பெரியவர் குழந்தையின் உடம்பில் கை வைக்குமுன் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: யாருடைய கஷ்டத்தைப் போக்க இதைச் செய்கிறேன்?

ஜூலை மூன்றாவது வாரம் குழந்தையைத் தோல் வைத்தியம் செய்யும் ஒரு டாக்டர் அம்மாளிடம் அழைத்துப் போனேன். மண்ணெண்ணெய் என்றதும் அவர் நெற்றியைச் சுருக்கினார். பக்கத்தில் ஒரு தீப்பொறி போதும், குழந்தை பிழைக்காது என்றார். சீத்தாக்கொட்டைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும், அப்படி வரும் நோயாளிகள் உண்டு என்றார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, எனக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார்.

பேன் தாவாது, பறக்காது. கொக்கி போன்ற கால்களால் மயிரைப் பற்றிக்கொண்டு நடக்க மட்டுந்தான் தெரியும். ஒரு தலை இன்னொரு தலையைத் தொட்டால் அந்தப் பாலத்தின் வழியே போகும். தலையை விட்டு விழுந்தால் இரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். நாய், பூனை மேல் வாழாது. மனிதனே அதற்கு உலகம். நாளைக்கு ஏழெட்டு ஈர் வரையில் வைக்கும். ஈர் ஏழிலிருந்து பத்து நாளைக்குள் பொரியும். பொரிந்த குஞ்சு இன்னும் பத்து நாள் போல வளர்ந்து, தானும் ஈர் வைக்கத் தொடங்கும். மருந்து பேனைக் கொன்றாலும் ஈரையெல்லாம் கொல்லுவதில்லை. ஆகவே ஒன்பது பத்து நாள் கழித்து இன்னொரு முறை போடவேண்டும். நாங்கள் போடவில்லை. பல நாடுகளில் அந்த மருந்துக்கே பேன்கள் பழகிவிட்டன. தவிர, இத்தனை அடர்த்தியான கூந்தலில் மருந்து தோல் வரை இறங்காமல் மேலேயே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேல், கூட விளையாடுகிற குழந்தைகளின் தலைகளையும் அதே சமயத்தில் பார்க்காவிட்டால் எத்தனை தரம் போக்கினாலும் திரும்பி வரும்.

"சுத்தமில்லாத இடத்தில்தானே இதெல்லாம்..." என்று இழுத்தேன்.

"தினம் குளிக்கிற தலை, குளிக்காத தலை என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது" என்றார். பிறகு ஒரு முடியைத் தனியே பிடித்துக் காட்டினார். "இது வெறும் ஓடு. பொரிந்து போன ஈர். வைக்கும்போது தோலை ஒட்டி, கதகதப்பான இடத்தில்தான் வைக்கும். முடி வளர வளர இதுவும் மேலே ஏறும். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும். இது தோலிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது, பாருங்கள். இரண்டு மாசக் கதை."

"குழந்தை இப்போதுதானே சொறிய ஆரம்பித்தாள்?"

"முதல் தடவை வருகிறவர்களுக்கு அரிப்பு உடனே தெரியாது. அதன் எச்சில் உடம்புக்கு ஒவ்வாமல் போக நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும்."

கணக்கென்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பயம். ஆனால் இந்தக் கணக்கை நான் விரும்பாவிட்டாலும் அது தானே போட்டுக்கொண்டது. ஜூலை மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம் பின்னால் போனால் மே நடு. கோயம்புத்தூர் ஜமக்காளம் என் கண் முன்னால் விரிந்தது. அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு முதன்முதல் வந்ததோ ஜூனில்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், நிரபராதி விடுதலை என்ற செய்தியை வீட்டில் எப்படி அறிவிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் இன்னொரு நினைவு குறுக்கிட்டது. கணக்கு வேறு விதமாக வந்திருந்தால்? அந்தப் பெண்ணிடமிருந்தே வந்தது என்று பூதக்கண்ணாடி காட்டியிருந்தால், நான் குழாயடியில் சொன்னது நியாயமாகிவிடுமா?

ஆகாது என்றே எனக்குப் பட்டது. ஆள் மாறாட்டம் இரண்டாவது தவறு. முதல் தவறு, ஆள் தேடியது. குற்றம் என்றால் செய்கிறவனுக்கு ஓர் எண்ணம் வேண்டும்; குறைந்தபட்சம் தெரிந்தாவது இருக்கவேண்டும். ஒரு குழந்தை இன்னொரு குழந்தையோடு குனிந்து படம் பார்த்தது. அதில் எண்ணம் எங்கே, தெரிந்தது எங்கே? காய்ச்சல் கண்டவனை யாரும் காய்ச்சலுக்குத் தகப்பன் என்று சொல்வதில்லை. பேன் கண்டவனை மட்டும் அப்படிச் சொல்கிறோம். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நாங்கள் அதற்கும் மேலே போய், பேனைப் பாவமாக்கி, பாவத்தைச் சுமக்க ஒரு தலையையும் தேடிக் கொடுத்துவிட்டோம்.

இந்தப் பயத்துக்கு ஒரு பூர்வ கதை இருக்கிறது. துணி மடிப்பில் வாழும் சீலைப்பேன் பொல்லாதது. டைபஸ் என்ற கொடிய காய்ச்சலைப் பரப்புவது அதுதான் என்று சார்லஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1909-இல் டூனிஸ் நகரத்தில் கண்டுபிடித்தார். 1928-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது உலக யுத்தத்தில், 1943-44 குளிர்காலத்தில், நேபிள்ஸ் நகரத்து மக்களை வரிசையில் நிறுத்தி டி.டி.டி. பொடியைத் தூவியது அந்தக் காய்ச்சலைத் தடுக்கத்தான். மாற்றுடையும் வெந்நீரும் கிடைக்காத இடத்தில்தான் சீலைப்பேன் பெருகும். யுத்தமும் சிறையும் வறுமையும் அதன் வீடுகள். தலைப்பேன் அப்படி நோய் பரப்புவதில்லை. ஆனால் பெயரில் இரண்டும் பேன். அதன் பழியை இது சுமக்கிறது. இதன் பழியை ஏழை சுமக்கிறான்.

ஏழைக்கும் தலைப்பேனுக்கும் தனி உறவு இல்லை என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. இஸ்ரேலில் லாகீசு என்ற பழைய நகரம் புதைந்திருக்கும் மேட்டில் 2016-இல் ஒரு சிறு சீப்பு கிடைத்தது. மூன்றரை சென்டிமீட்டர் நீளம். அதில் மெல்லியதாய்க் கீறியிருந்த பதினேழு எழுத்துக்களைப் படித்து 2022-இல் வெளியிட்டார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 1700 வருஷங்களுக்கு முந்தியது என்று கணித்தார்கள். கானான் நாட்டு நெடுங்கணக்கில் இதுவரை கிடைத்த மிகப் பழைய முழு வாக்கியம் அதுதானாம். அரசனின் வெற்றியோ கடவுளின் புகழோ அதில் இல்லை. தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தச் சீப்பு நீக்க வேண்டும் என்ற பிரார்த்தனைதான் இருந்தது. சீப்பின் ஒரு பல்லில் பேன்குஞ்சின் மிச்சங்கூட ஒட்டியிருந்தது. நான் சொல்ல வந்தது வேறு: அந்தச் சீப்பு யானைத் தந்தத்தால் ஆனது. யானை இல்லாத அந்த ஊருக்குத் தந்தம் தூர தேசத்திலிருந்து வந்திருக்க வேண்டும். பேன் பார்க்கத் தந்தச் சீப்பு வைத்திருந்தவன் கூலிக்காரனாக இருந்திருக்க முடியாது.

சரி, குற்றம் என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தெரியாமல் கொடுப்பது குற்றமில்லை. தெரிந்த பிறகு சொல்லாமல் இருப்பது குற்றம். எங்கள் வீட்டில் தெரிந்த அன்றைக்கே பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். சம்பந்தி வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தையைத் தனியே உட்கார வைப்பார்களோ என்ற பயம் ஒரு காரணம். ஆரோக்கியமான குழந்தையைப் பேனுக்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015-லும் 2022-லும் திட்டமாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த அறிவுரை நம் பள்ளிக்கூடங்களின் வாசலுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ! பயம் நியாயமாகவே இருக்கட்டும். அப்படிப் பயந்து பள்ளிக்கூடத்திலும் உறவிலும் வாய் திறக்காத நாங்கள், ஒரே ஒருத்தியிடம் மட்டும் தயக்கமில்லாமல் போய்ச் சொன்னோம். மேலே இருப்பவர்களிடம் மறைத்தோம்; கீழே இருப்பவளிடம் அறிவித்தோம். சொன்னது உண்மையாக இருந்திருந்தாலும் அதை உண்மை பேசுதல் என்று கொள்ள முடியாது.

டாக்டர் அம்மாள் சொன்ன வைத்தியம் மிக எளிது, ஆனால் நீளமானது. தலையை நனைத்துக் கண்டிஷனர் என்ற வழுவழுப்பான களிம்பைத் தாராளமாகத் தடவவேண்டும். வழுக்கலில் பேனால் விரைந்து நடக்க முடியாது. கூந்தலைச் சிறு சிறு வகிடாகப் பிரித்து, பேன்சீப்பைத் தோலில் படிய வைத்து நுனி வரை இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கவேண்டும். மூன்று நாளுக்கு ஒரு தரம், குறைந்தது இரண்டு வாரம். பிறகும் தொடர்ந்து மூன்று தடவை ஒன்றும் வராமல் இருந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். வீட்டில் அத்தனை சாவகாசம் உள்ளவன் நான் ஒருவன்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

என் கிராமத்தில் பிற்பகல் வேளைகளில் வாசற்படிகளில் பெண்கள் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். மடியில் மரத்தாலான ஈர்கொல்லி கிடக்கும். ஊர்க்கதை ஓடும். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. எல்லோருக்கும் இருப்பதில் என்ன வெட்கம்? ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் எனக்கு மனமில்லை. எங்கள் தெருப் படிகளில் எங்கள் தெருக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்தார்கள். பேனுக்குத் தெரியாத தெருப் பேதம் அதைப் பார்த்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள் சீவிக்கொண்டிருக்கும்போது, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பேத்தி கேட்டாள்:

"தாத்தா, அவ தலையை யாரு சீவுவா?"

மறுநாள் காலை மறுபடி குழாயடிக்குப் போனேன். இந்தத் தடவை பக்குவமாகச் சொல்ல ஒன்றும் தயார் செய்துகொள்ளவில்லை. "ஏம்மா, உன் பொண்ணுகிட்டேயிருந்து எங்க குழந்தைக்கு வரலை. எங்க குழந்தைகிட்டேயிருந்துதான் அவளுக்குப் போயிருக்கும். நான் அப்படிச் சொன்னது தப்பு" என்றேன்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தெரியும்ங்கய்யா."

"தெரியுமா?"

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அவ தலையைப் பாப்பேன்யா. இங்க வர ஆரம்பிச்ச ரெண்டாவது வாரந்தான் கண்ணுல பட்டுச்சு. அதுக்கு முன்னாடி இல்லை."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்கய்யா சொல்றது?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் தேடவில்லை. அவள் கண்டதும் உண்மை. தெரிந்ததும் அவளுக்கே முதலில். தெரிந்தவர் சொல்லவேண்டும் என்று நான் மேலே எழுதிய தர்மம், சொன்னால் வேலை போய்விடாத வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று அப்போது புரிந்தது.

"நாளைக்குக் கூட்டிட்டு வாம்மா. நானே ரெண்டு தலையையும் சீவி விடறேன்" என்றேன்.

"சீவறதுக்கு என்ன இருக்குங்கய்யா? நீங்க சொன்ன அன்னிக்கு ராத்திரியே ஒட்ட வெட்டி விட்டுட்டேன். நாலு வீட்டு வேலை. உக்காந்து பாக்க நேரமேது?"

அவள் மறுபடி குனிந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பொறுமை பெரிய குணம் என்று நான் நிறைய எழுதியிருக்கிறேன். என் பேத்தியின் கூந்தல் பிழைத்தது என் பொறுமையால் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு மணி நேரம் சும்மா உட்கார முடிந்த கிழவன் ஒருவன் வீட்டில் இருந்ததால் பிழைத்தது, அவ்வளவுதான். வாராவாரம் மகள் தலையைப் பிரித்துப் பார்த்த அந்தத் தாயைவிட நாங்கள் எந்த விதத்திலும் நல்லவர்கள் இல்லை. பொறுமை ஒரு குணந்தான். ஆனால் வசதி இல்லாத இடத்தில் அந்தக் குணம் இருந்தும் பயனில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு முழத்துக்குக் குறையாத பின்னல் இருந்தது. மாதம் ஒரு சென்டிமீட்டர் என்று டாக்டர் அம்மாள் சொன்ன கணக்கில், அது பழையபடி வளர மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். நான் குழாயடியில் பேசியது நாலு விநாடி இருக்குமா?

அன்று சாயங்காலம் வகுப்பு ஆசிரியைக்குக் கடிதம் எழுதி, குழந்தையின் பையில் வைத்தேன். மருமகள் தயங்கித் தயங்கித் தன் தாயாருக்கு டெலிபோன் செய்தாள். மறுமுனையில் ஒரே சிரிப்பு. கல்யாணம் முடிந்ததிலிருந்து அவர்கள் வீட்டிலும் இதே கூத்துத்தானாம். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று வாயைத் திறக்காமல் இருந்தார்களாம். இரண்டு கௌரவமான குடும்பங்கள் இரண்டு மாதமாக ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துப் பேனை வளர்த்திருக்கிறோம். வெட்கத்தைப் போல அதற்கு நல்ல தீனி வேறில்லை.

என் பேத்தியின் தலை ஆகஸ்டு நடுவில் சுத்தமாயிற்று. வெள்ளைத் துணி மூன்று தடவையும் வெள்ளையாகவே இருந்தது. நான் மூன்று முறை கேட்டுக்கொண்ட பிறகு, மாதக் கடைசியில், அந்தப் பெண்ணும் வந்தாள். கிராப்புத் தலையில் சிவப்பு ரிப்பனை எப்படியோ ஒரு கொண்டை ஊசியில் குத்திக்கொண்டு வந்திருந்தாள். என் பேத்தி புதிதாய் வாங்கிய படப் புஸ்தகத்தைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு, "வாடீ, யானை பாரு" என்றாள்.

அந்தப் பெண் உட்கார்ந்தாள். ஆனால் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். படம் சரியாகத் தெரியவில்லை போலும். கழுத்தை மட்டும் நீட்டி நீட்டிப் பார்த்தாள். நெருங்கி உட்கார் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமையை நான் ஜூலை மாதத்திலேயே செலவழித்துவிட்டேன்.

அந்த ஒரு முழத்தைப் பேனால் தாண்ட முடியாது. என் பேத்தி தாண்டிவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். புஸ்தகத்தை மெல்ல மெல்ல அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.